ஒரு கூரை, மூன்று கம்பியூட்டர்

பொய் சொல்லப் போகிறவன் முதலில், போனைக் காதில் வைத்துப் பேச வழியிருக்கிறதா என்று பார்த்துக்கொள்ள வேண்டும். நான் பார்க்கவில்லை. அதனால் என் பொய்யை எங்கள் லயமே கேட்டது. மாதாவும் கேட்டார்.

எனக்கு அப்போது இருபத்து மூன்று வயது. ஹட்டனில், டைப் அடித்துப் பிரிண்ட் எடுத்துக் கொடுக்கும் ஒரு கொமினிகேஷன் கடையில் வேலை. முதலாளி கம்பியூட்டரைத் தட்டும்போது பின்னால் நின்று பார்த்தே தொழில் பழகியவன். (பழகியதில் பாதி அவர் விட்ட பிழைகள்.) ஆனால் எங்கள் தேயிலைத் தோட்டத்துக்குள் நான் 'கம்பியூட்டர் சுந்தர்'. அந்தப் பெயரை யாராவது கூப்பிட்டால் இரண்டாவது தடவைதான் திரும்புவேன். முதல் தடவையே திரும்பினால் மற்றவர்களுக்குக் கேட்காமல் போய்விடுமே!

பன்னிரண்டு வீடுகள் வரிசையாக ஒட்டி நிற்கும் எங்கள் லயத்தில் மூன்று கம்பியூட்டர். ஒன்று எங்கள் வீட்டில். ஒன்று பெக்டரியில் வேலை செய்த வேலாயுதம் அண்ணன் வீட்டில். மற்றது பக்கத்து வீட்டு ஜெனிட்டாவுடையது. மூன்றிலும் ஒரே திருட்டு டிஸ்க்கைப் போட்டு ஓடவிட்டவன் நான்தான். ஒருநாள் மூன்றும் சேர்ந்தாற்போல், 'இது அசல் இல்லை' என்று முகத்தைக் கறுப்பாக்கிக்கொண்டன.

ஜெனிட்டா தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் புது டீச்சர். வேலையை நிரந்தரமாக்கலாமா என்று பார்க்க, செவ்வாய்க்கிழமை கல்விக் கந்தோரிலிருந்து அதிகாரி சேர் ஒருவர் வருகிறார். அவருக்குக் காட்ட வேண்டிய பாடத் திட்டம் முழுவதும் கம்பியூட்டருக்குள்.

"சுந்தர், இந்தத் தடவையாச்சும் ஒழுங்கான ஒன்னா போட்டுத் தாங்க. பாதியில நின்னா என் வேலை போயிரும்," என்றாள்.

ஜெனிட்டா கேட்டு நான் இல்லையென்பதா? நுவரெலியாவுக்கு பஸ் ஏறினேன். கடையில் அசல் டிஸ்க் உள்ள ஒரு பெட்டி காட்டினார்கள். ஒரே வீட்டில் குடியிருப்பவர்கள் மூன்று கம்பியூட்டருக்குப் போட்டுக்கொள்ளலாம். தனித்தனியாக வாங்குவதைவிட எவ்வளவோ மலிவு.

"ஒரே வீடுதானே?" என்றார் கடைக்காரர்.

"ஒரே அட்ரஸ்," என்றேன்.

அதில் பொய்யில்லை. லயத்தில் எந்த வீட்டுக்கும் நம்பர் கிடையாது. பன்னிரண்டு வீட்டுக் கடிதமும் தோட்டத்து ஒபீசுக்கு ஒரே விலாசத்தில்தான் வரும். கூரையும் ஒன்று. ஒரு வீட்டில் மிளகாய் வறுத்தால் பன்னிரண்டு வீடும் தும்மும். இதற்குமேல் என்ன குடும்பம் வேண்டும் என்று பஸ்ஸில் வரும் வழியெல்லாம் எனக்கு நானே வழக்காடி, நானே ஜெயித்துக்கொண்டு வந்தேன்.

ஜெனிட்டாவின் அப்பா ஆரோக்கியம் மாமா, கோயிலில் பிள்ளைகளுக்கு ஜெபம் சொல்லிக்கொடுப்பவர். பெட்டியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"தம்பி, இது களவு இல்லியே?"

"சத்தியமா இல்லீங்க மாமா."

எங்கள் கம்பியூட்டரில் வேலை செய்தது. வேலாயுதம் அண்ணனுடையதும் சரி. ஜெனிட்டாவுடையது மட்டும், போனில் பேசிப் பதிவு செய்தால்தான் உள்ளே விடுவேன் என்று நின்றுவிட்டது.

எங்கள் பக்கம் சிக்னல் கிடைக்கும் ஒரே இடம், மாதா சிலை நிற்கும் கெபியின் சுவர். அதிலும் மெழுகுவர்த்தித் தட்டுக்குப் பக்கத்தில் ஒரு சாண் இடம். போனைத் தூக்கினால் கட்டாகிவிடும். ஆகவே சுவரில் வைத்து, சத்தத்தைத் திறந்துவிட்டுத்தான் பேச வேண்டும். அன்று ஞாயிற்றுக்கிழமை. ஜெபம் முடிந்து எல்லோரும் அங்கேயே நின்றார்கள். மறுமுனையில் தமிழ் பேசும் ஒரு பெண் கிடைத்தாள். அதிர்ஷ்டம் என்று நினைத்தேன்.

"இது யாரோட கம்ப்யூட்டர் சார்?"

"என் தங்கச்சியோடதுங்க."

பின்னாலிருந்து வேலாயுதம் அண்ணன், "மாமா மக எப்படிடா தங்கச்சியாவா?" என்றார். கூட்டம் சிரித்தது.

"எல்லாரும் ஒரே வீட்லதான் இருக்கீங்களா?"

மாதாவைப் பார்க்காமல், "ஆமாங்க," என்றேன்.

"ஆனா சார், ஏற்கெனவே மூணு கம்ப்யூட்டர்ல போட்டாச்சே. இது நாலாவது."

சிரிப்பு நின்றுவிட்டது.

"நாலாவதா? லயத்துலயே மூணுதானடா இருக்கு?" என்றார் அண்ணன்.

நுவரெலியாவிலிருந்து நேராக நான் கொமினிகேஷன் கடைக்குத்தான் போயிருந்தேன். 'அசல் எப்படி இருக்கும்னு பாருங்க' என்று முதலாளியிடம் பீற்றிக்கொள்ள, அவருடைய கம்பியூட்டரில்தான் முதலில் போட்டேன். அது கணக்கில் வராது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். எந்தப் பெண்ணுக்காக பஸ் ஏறினேனோ, அவளுடைய பங்கைத்தான் முதலாளியிடம் பீற்றித் தீர்த்துவிட்டு வந்திருந்தேன்.

 ஜெனிட்டா, போனில் சொல்லப் பதிவு நம்பர் எழுதி வைத்திருந்த தாளை நாலாக மடித்துக்கொண்டிருந்தாள்.

ஆரோக்கியம் மாமா சுவர்ப்பக்கம் குனிந்தார். "அம்மா, நான் அந்தப் புள்ளையோட அப்பா பேசுறேன். இது ஒரு வீடு இல்லீங்க. பன்னெண்டு வீடு. கூரை மட்டுந்தான் ஒன்னு. மன்னிச்சுக்கங்க."

அந்தப் பெண்ணும் மரியாதையாகத்தான் சொன்னாள், அதற்குத் தனியாக ஒன்று வாங்க வேண்டும் என்று. மாமா என்னை ஏசியிருந்தால் தாங்கியிருப்பேன். "சரி தம்பி, நீ போ" என்று மட்டும் சொன்னார்.

திங்கட்கிழமை முழுக்க ஜெனிட்டா பாடத் திட்டத்தை ஞாபகத்திலிருந்து பிரிஸ்டல் போர்ட் அட்டைகளில் கையால் எழுதினாள். செவ்வாய்க்கிழமை காலையில் அந்தச் சுருள்களைப் பள்ளிக்கூடம்வரை நான் தூக்கிக்கொண்டு போனேன். வழியெல்லாம் அவள் எனக்கு நாலடி முன்னால் நடந்தாள். வந்த சேர் எழுத்து அழகாக இருக்கிறதென்று பாராட்டி, வேலையை நிரந்தரமாக்க எழுதிக்கொடுத்துவிட்டுப் போனாராம். ஆனால் காலையில் வாசலில் சுருள்களை என்னிடமிருந்து வாங்கிக்கொள்ளும்போதே ஒரே ஒரு வார்த்தை சொல்லியிருந்தாள்.

"தேங்ஸ் அண்ணே."

அதுவரை என்னை அவள் அண்ணன் என்று கூப்பிட்டதே இல்லை. அதற்குப் பிறகு வேறெப்படியும் கூப்பிடவும் இல்லை.

பல வருஷங்களுக்குப் பிறகு எங்களுக்குத் தனி வீடு கிடைத்தது. கதவில் நம்பர், சொந்த விலாசம். பால் காய்ச்சிய அன்று ஜெனிட்டா டீச்சர் தன் புருஷனோடும் பிள்ளைகளோடும் வந்தாள். கதவிலிருந்த நம்பரைப் பார்த்தாள், அண்ணாந்து கூரையைப் பார்த்தாள், பிறகு என் மனைவியிடம் திரும்பினாள்.

"அண்ணி, இது ஒரு வீடுதானா? அண்ணன் சொன்னா நம்பாதீங்க. நீங்களே ஒருக்கா எண்ணிப் பாத்துருங்க."

நான் எதைச் சொன்னாலும் என் மனைவி இன்றைக்கும் எண்ணிக்கொண்டுதான் இருக்கிறாள்.