மஞ்சள் விளக்கும் மாப்பிள்ளை ஊர்வலமும்

நிறையப் படிக்கிற ஆள் கையில் புதுக் கருவி ஒன்று கிடைத்தால், அது முதலில் பழிவாங்குவது அவருடைய சொந்தப் பொருளைத்தான். சந்தேகமிருந்தால் என் காரைக் கேளுங்கள்.

அக்கா மகன் பிரசாந்துக்குக் கல்யாணம். ஞாயிற்றுக்கிழமைக் காலை, சிராங்கூன் சாலைக் கோயிலில். (வீட்டு விசேஷங்களைத் திதி, நட்சத்திரத்தோடு எழுதிவைப்பவன் நான். அன்று நடந்ததை எழுத மட்டும் நட்சத்திரத்துக்கு மேல் பேனா ஓடவில்லை.) மாப்பிள்ளையை அழைத்துப்போவது என் கார், என் பொறுப்பு.

அந்த வாரம்தான் மெக்கானிக் சேவியர் காரின் பேட்டரியை மாற்றியிருந்தார். சொந்தமாகச் சின்னப் பட்டறை நடத்துபவர். மாற்றியதும் ஒரு மஞ்சள் விளக்கு எரிந்தது.

"புது பேட்டரின்னு காருக்குச் சொல்லணும் அண்ணே. அதுக்கான பாஸ்வேர்டைக் கம்பெனி எங்களுக்குத் தராது. அவங்க சென்டர்ல அடுத்த வாரம்தான் அப்பாயின்ட்மென்ட். கார் ஓடும், பயப்படாதீங்க. எதையும் தொட்டுடாதீங்க, அவ்வளவுதான்."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. கார் சேகரிக்கும் தகவல் யாருக்குச் சொந்தம், வெளிப்பட்டறைகளுக்கு அதை ஏன் திறந்துவிட வேண்டும் என்றெல்லாம் மாதக்கணக்கில் படித்தவன் நான். கார் என்னுடையது, பேட்டரி என்னுடையது. இரண்டையும் அறிமுகம் செய்துவைக்க மூன்றாம் ஆளின் அனுமதியா? காரின் கணினிக்கு நாமே கட்டளை கொடுக்கும் கருவி ஒன்றை இணையத்தில் வாங்கினேன். (என் உரிமைப் போராட்டம் அட்டைப்பெட்டியில் வந்திறங்கியது.)

கல்யாணத்தன்று செங்காங்கில் இருக்கும் என் வீட்டிலிருந்து கார் சமர்த்தாகவே வந்தது. ஃபேரர் பார்க்கில் அக்கா வீட்டு அடுக்குமாடி புளோக்கின் கீழே நிறுத்தி, பிரசாந்த் வேட்டி கட்டி முடிக்கக் காத்திருந்தேன். மல்லிகைச் சரம் சுற்றிய காருக்குள் அந்த மஞ்சள் விளக்கு கண்ணை உறுத்தியது. கருவியைச் செருகி, திரையில் கேட்டதற்கெல்லாம் 'ஆம்' என்று அழுத்தினேன். விளக்கு அணைந்தது. வென்றுவிட்டேன்!

சிராங்கூன் சாலையில் திரும்பியதும் மஞ்சள் போன இடத்தில் சிவப்பு வந்தது. 'அங்கீகாரமற்ற கருவி. பாதுகாப்புக்காக வேகம் குறைக்கப்படுகிறது.' எவ்வளவு மிதித்தாலும் கார் நடைவேகத்தைத் தாண்டவில்லை.

"மாமா, ட்ராலி தள்ளிட்டு ஒரு ஆன்ட்டி நம்மள ஓவர்டேக் பண்றாங்க லா," என்றான் பிரசாந்த்.

"முகூர்த்தம் முடியப்போகுதுடா!" பின்சீட்டிலிருந்து அக்கா அலறினாள்.

"நான் இறங்கி ஓடிடவா?"

"மாப்பிள்ளை ரோட்டுல ஓடுவானா? பொண்ணு வீட்டுல என்ன நினைப்பாங்க!"

பிரசாந்த் சேவியரை அழைத்து ஸ்பீக்கரில் போட்டான்.

"சர்ச்ல, பூசையில இருக்கேன்," என்று கிசுகிசுத்தார் சேவியர். "தொட்டீங்களா?"

"தொட்டேன்."

"எதை?"

"எல்லாத்தையும்."

பின்னணியில் பாடற்குழு பாடத் தொடங்கியது. "உங்களுக்காக வேண்டிக்கிறேன் அண்ணே," என்று வைத்துவிட்டார்.

பூச்சரம் சுற்றிய கார் ஊர்கிறது, உள்ளே தலைப்பாகையோடு மாப்பிள்ளை. ஞாயிற்றுக்கிழமைக் கூட்டம் வேறு எப்படிப் புரிந்துகொள்ளும்? "டேய், மாப்பிள்ளை அழைப்புடா!" என்று ஒரு குரல். நாலைந்து பேர் காருக்கு முன்னால் ஆடத் தொடங்கினார்கள். யாரோ கைப்பேசியில் நாதஸ்வரம் வைத்தார்கள். பூக்கடை அம்மா ஒரு கை ரோஜா இதழ் வீசினார். பிரசாந்த் கையசைத்தான். என்னைத் திட்டுவதை நிறுத்தாமலே அக்கா கேமராக்களுக்குச் சிரித்தாள்.

மோட்டார்சைக்கிளில் ஓர் இளம் போலீஸ் அதிகாரி பக்கத்தில் வந்தார். "அங்கிள், ஊர்வலமா? பர்மிட் எங்க?"

"ஊர்வலம் இல்ல தம்பி, சாஃப்ட்வேர்."

"என்னது?"

"கம்பெனி பர்மிட் தராததால கார் ஓடல. கார் ஓடாததால நீங்க பர்மிட் கேக்குறீங்க."

அக்கா ஜன்னல் வழியே தலையை நீட்டினாள். "தம்பி, தாலி கட்டுற நேரம் போயிடும்! கார் ஓட்டுற இவனைக் கோயில் வாசல்ல வச்சு அரெஸ்ட் பண்ணிக்கோங்க!"

அவர் மாப்பிள்ளையைப் பார்த்தார். எங்களுக்குப் பின்னால் நின்ற பேருந்துகளைப் பார்த்தார். பெருமூச்சு விட்டு, விளக்கைச் சுழலவிட்டு முன்னால் போய் வழி ஒதுக்கினார்.

முன்னே போலீஸ், நடுவே ஆட்டம், பின்னே கார் என்று வந்த எங்களைக் கண்டு, கோயில் வாசலில் நின்ற பெண்ணின் அப்பா நெகிழ்ந்துபோனார். "சம்பந்தியம்மா, சிம்பிளா போதும்னு சொல்லிட்டு இப்படி அமர்க்களப்படுத்திட்டீங்களே!"

"எல்லாம் என் தம்பி ஏற்பாடு," என்றாள் அக்கா, பல்லைக் கடித்துக்கொண்டு.

முகூர்த்தத்துக்குள் தாலி ஏறியது. அப்பாயின்ட்மென்ட் நாளன்று, கம்பெனி அங்கீகரித்த 'ஆத்தரைஸ்ட்' சென்டருக்குக் காரைக் கட்டி இழுத்துப்போனோம். அங்கே ஓர் ஊழியர் பாஸ்வேர்டைத் தட்டினார், சிவப்பு அணைந்தது. தேநீர் ஆறுவதற்குள் முடிந்த வேலை. சேவியருக்கு அந்தப் பாஸ்வேர்டு கிடைத்திருந்தால் அன்றைக்கு யாரும் ஆடியிருக்க மாட்டார்கள், அதுவும் உண்மைதான்.

கல்யாண ஆல்பத்தில் இரண்டு குடும்பங்களுக்கும் நடுவே, கழுத்தில் மாலையோடு, அந்த அதிகாரி வெட்கப்பட்டு நிற்கிறார். பார்க்கிறவர்கள் எல்லாரும், "இவர் மாப்பிள்ளை வீடா, பொண்ணு வீடா?" என்று கேட்பார்கள்.

அக்கா இன்றுவரை ஒரே பதில்தான் சொல்கிறாள்: "ரெண்டும் இல்ல. என் தம்பி காருக்கு அவர்தான் ஆத்தரைஸ்ட் டீலர்."