எண்ணெயில் வழுக்கிய உத்தியோகம்

எனக்குப் போலீஸ் வேலை கிடைக்காததற்குச் சனிதான் காரணம் என்பார் அப்பா. சனி என்ன செய்யும், பாவம்? சனிக்கிழமை தேய்த்த எண்ணெய்தான் காரணம்.

ஐம்பதுகளின் கடைசியில், ஆய்க்குடிப் பக்கம் சடுகுடுவில் என்னைப் பிடித்தவன் கிடையாது. (வேகம் என்று ஊர் நினைத்தது. உடம்பு முழுக்க நல்லெண்ணெய் பூசிக்கொண்டுதான் களத்தில் இறங்குவேன்.) மற்ற நேரத்தில் வயலில் நாற்றுக்கட்டு சுமந்தேன்.

தென்காசியில் போலீசுக்கு ஆள் எடுக்கிறார்கள் என்று தெரிந்ததும் மாமா கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்.

"மருமவனே, சர்க்கார் சம்பளம் வாங்கினா செண்பகம் ஒனக்கு. இல்லைன்னா சங்கரன்கோவில் மாப்பிளைக்கு."

மாமா மகள் செண்பகம் என்றால் எனக்கு உயிர். ஆள் எடுக்கிற நாள் சனிக்கிழமை. அன்று காலையிலேயே கூட்டாளி சுடலையோடு குற்றாலம் போய், எண்ணெய் தேய்க்கிறவரிடம் உடம்பைக் கொடுத்தேன். அருவியில் நின்றால் எண்ணெய் போய்விடுமே என்று அப்படியே சட்டையை மாட்டிக்கொண்டு தென்காசி மைதானத்துக்குக் கிளம்பினேன். (சீசனில் குற்றாலம் போய்க் குளிக்காமல் திரும்பிய ஒரே ஜென்மம் நானாகத்தான் இருக்கும்.)

ஓட்டத்தில் நான்தான் முதல். பாதிக் கல்யாணம் முடிந்தது என்று மனசு துள்ளியது. அடுத்தது கயிறு ஏறுவது. எம்பிப் பிடித்தேன். போன வேகத்திலேயே தரைக்கு வந்துவிட்டேன். கையைச் சட்டையில் துடைத்தேன், சட்டையிலும் எண்ணெய். மறுபடி எம்பினேன், மறுபடி தரை. இன்ஸ்பெக்டர் வந்து தோளைப் பிடித்தார். அவர் கையும் வழுக்கியது.

"என்னலே இது?"

"நல்லெண்ணெய்ங்கய்யா. தேச்சா ஒருத்தனும் பிடிக்க முடியாதுல்லா!"

"ஏலே, போலீசுதாம்லே பிடிக்கணும்! எண்ணெயத் தேச்சுக்கிட்டு வாரவன் கள்ளன்லா!"

மைதானமே சிரித்தது. எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது.

நான் ஊர் சேருமுன் சேதி சேர்ந்திருந்தது. (சுடலை வாய் சும்மா இருக்குமா?) மாமா முன்னால் தலையைத் தொங்கப்போட்டு நின்றேன்.

"இப்படி வழுக்குத பயலுக்கு என் பிள்ளைய எப்படிலே கெட்டிக் குடுக்கது?"

கதவுக்குப் பின்னாலிருந்து செண்பகத்தின் குரல் வந்தது.

"சீயக்கா போட்டுத் தேச்சா நிப்பாவ, அப்பா."

மாமாவுக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. அந்தச் சிரிப்பில் சங்கரன்கோவில் மாப்பிள்ளை காணாமல் போனார்.

நான் கடைசிவரை விவசாயிதான். இன்றும் சனிக்கிழமை எண்ணெய் தேய்த்து உட்கார்ந்தால் போதும், பேரப்பிள்ளைகள் "கள்ளன், கள்ளன்" என்று பிடிக்க ஓடிவரும். செண்பகம் சீயக்காய்க் கிண்ணத்தோடு வந்து அதட்டுவாள்:

"தள்ளுங்கலே! இந்தக் கள்ளன நான் பிடிச்சு எத்தனையோ வருசமாச்சு."