சுங்கக் கொட்டகையில் ஒரு சவப்பெட்டி

அன்று மதியம், போர்த்துகீசியர் ஆண்ட கோவாவில், மர்மகோவா துறைமுகத்துச் சுங்கக் கொட்டகையில் இருந்தவர்கள்: சுங்க அதிகாரி செஞ்ஞோர் லெய்த்தாவ்; அவருடைய எழுத்தர் அன்செல்மு; சுமைகாரர் நால்வர், அவர்களுக்குத் தலைவன் ஜாக்கி; காலையில் மொம்பாசா கப்பலில் வந்திறங்கிய தையற்காரர் செவெரின் பர்ரெட்டோ; அவரை அழைத்துப்போக ஊரிலிருந்து வந்த மனைவி எஸ்பெரான்சா; அவள் தம்பி ரோக். ஆக ஒன்பது பேர். அதிகாரியின் நாற்காலிக்கு அடியில் ஒரு பூனையும் படுத்திருந்தது. அது அரசாங்கச் சம்பளம் வாங்காததால் கணக்கில் சேர்க்கவில்லை.

செவெரின் ஆப்பிரிக்காவில் முப்பத்தொரு வருஷம் வெள்ளைக்காரத் துரைகளுக்குக் கால்சட்டை தைத்தவர். அங்கே தபாலாபீசில் வெள்ளைக்காரருக்கு ஒரு ஜன்னல், இந்தியருக்கு ஒரு ஜன்னல், கறுப்பருக்கு ஒரு ஜன்னல். கோவாக்காரர் எந்த ஜன்னலுக்கு உரியவர் என்பது மேலிடத்தின் பரிசீலனையில் இருந்தது. அவர் ஊர் திரும்பும் வரை முடிவு வரவில்லை. ஐந்து வருஷத்துக்கு ஒருமுறை லீவில் வருவார். மனைவியோடு சேர்ந்து வாழ்ந்தது அந்த லீவுகளில்தான்.

இப்போது நிரந்தரமாக வந்துவிட்டார். தலையில் தக்கைத் தொப்பி. அதை ரோக் கப்பலடியிலேயே கழற்றித் தன் தலையில் மாட்டிக்கொண்டான். ஆப்பிரிக்கா போகாமலே ஆப்பிரிக்கா போய் வந்தவனாகத் தெரிவது அந்த வருஷம் ஊரில் பெரிய மோஸ்தர்.

கொண்டுவந்த சாமான் மூன்று. கட்டில், தையல் மிஷின், சவப்பெட்டி.

உள்ளூர்த் தச்சர்களின் நலனை முன்னிட்டு, வெளிநாட்டிலிருந்து புது மரச்சாமான் கொண்டுவர அப்போது தடை இருந்தது. தாம் பயன்படுத்திய பழைய சாமானை மட்டும் கொண்டுவரலாம். புதியது என்று கண்டால் பறிமுதல். செஞ்ஞோர் லெய்த்தாவ் கட்டிலைத் தட்டினார். மூட்டைப்பூச்சி விழுந்தது. "பழசு" என்று கனிவோடு விட்டார். தையல் மிஷின் இரும்பு. அதையும் விட்டார். சவப்பெட்டி முன்னால் வந்து நின்றார். தேக்கைத் தூக்கி அடிக்கும் ம்வூலே மரம், பித்தளைக் கைப்பிடி, உள்ளே செவெரினே தைத்துப் போட்ட பட்டு மெத்தை.

"இது பயன்படுத்தினதா?"

"இல்லீங்க செஞ்ஞோர். பயன்படுத்தியிருந்தா பெட்டி மட்டும்தான் வந்திருக்கும், நான் வந்திருக்க மாட்டேன்."

"அப்போ புதுசு. பறிமுதல்."

செவெரின் பெட்டியின் கைப்பிடியை இறுகப் பற்றிக்கொண்டார். அவர் ஊரில் ஏழைகளுக்கெல்லாம் சேர்த்துக் கோயிலில் ஒரே சவப்பெட்டி. பிணத்தை அதில் குழிவரை கொண்டுபோவார்கள். அங்கே துணியோடு எடுத்து மண்ணில் இறக்கிவிட்டுப் பெட்டியைத் திருப்பிக் கொண்டுவருவார்கள். அவருடைய அப்பாவையும் அப்படித்தான் இறக்கினார்கள். சொந்தப் பெட்டியில்தான் படுப்பேன் என்று அன்றைக்கே சபதம் எடுத்துக் கப்பல் ஏறியவர் செவெரின். மற்றவர்கள் ஆப்பிரிக்கா போய் மாடி வீடு கட்டினார்கள். இவர் கட்டின வீடு இதுதான்.

"கப்பல்ல அத்தான் அதுலதான் தூங்கினாரு செஞ்ஞோர்!" என்று ரோக் புளுகினான்.

"அப்படியா? படுத்துக் காட்டச் சொல்லு."

செவெரின் செருப்பைக் கழற்றிவிட்டுப் படுத்தார். கைகளை மார்பில் கட்டிக்கொண்டார்.

"அளவு சரியாத்தான் இருக்கு. ஆனா சொந்தக்காரர் சாட்சி செல்லாது. வேற யாராவது படுத்துப் பார்த்து, பழசுன்னு சொல்லணும்."

ரோக் தொப்பியோடு படுத்தான். "பழசுதான், முதுகுல குத்துது" என்றான். உறவுக்காரன் சாட்சி என்று தள்ளுபடியானது. ஜாக்கியும் மற்ற மூவரும் முறை வைத்துப் படுத்தார்கள். ஜாக்கி எழுந்திருக்க மனமில்லாமல், "யப்பா, செத்தாக்கூட இப்படிச் சுகம் கிடைக்காது" என்றான். கூலி வாங்குகிறவர்கள் சாட்சி என்று அதுவும் தள்ளுபடி. எழுத்தர் அன்செல்மு கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டுப் படுத்தார். கீழ்நிலை ஊழியர் கருத்து மேலதிகாரியைக் கட்டுப்படுத்தாது.

கடைசியில் பொதுநலன் கருதிச் செஞ்ஞோர் லெய்த்தாவே படுத்தார். மதிய உறக்க நேரம். அரைமணி நேரம் குறட்டை கேட்டது.

எழுந்தவர் தலையைக் கோதிக்கொண்டார். "பழசு. நானே பயன்படுத்தியிருக்கேன், அப்புறம் எப்படிப் புதுசாகும்? ஹூம், எங்க பங்குக் கோயில்லயும் ஒரே பெட்டிதான். எடுத்துக்கிட்டுப் போகட்டும், முத்திரை வை."

செவெரின் அவர் கையைப் பிடித்து முத்தமிடப் போனார். அன்செல்மு தொண்டையைச் செருமினார்.

"செஞ்ஞோர், விதியில 'தாம் பயன்படுத்திய'ன்னு இருக்கு. இதுல எட்டுப் பேரு படுத்து எந்திரிச்சிருக்கோம். பல பேரு பயன்படுத்தினா அது பொதுச் சாமான்."

"அட, ஆமா. பொதுச் சவப்பெட்டின்னா கோயிலுக்குத்தான் சேரணும். செவெரின், நீர் கொடுத்துவச்சவர். உம்ம ஊர்க் கோயிலுக்கே அனுப்பிடுறேன்."

"அப்போ நான் அதுல படுக்கலாமா செஞ்ஞோர்?"

"தாராளமா. குழிவரைக்கும் யார் தடுப்பா? அடக்கம் முடிஞ்சதும் திருப்பிக் கொடுத்துடணும், அவ்வளவுதான்."

செவெரின் கட்டிலின் விளிம்பில் உட்கார்ந்துவிட்டார். காகிதம் எழுதத் தொடங்கிய அன்செல்மு நிமிர்ந்து பார்த்தார். "ஒருத்தர் பாக்கி இருந்தா பொதுன்னு எழுத முடியாது. அம்மா, நீங்களும் ஒரு நிமிஷம் படுத்து எந்திரிங்க."

அதுவரை வாய் திறக்காத எஸ்பெரான்சா செருப்பைத் தம்பியிடம் கொடுத்தாள். ஏறினாள். சேலையைச் சரிசெய்து நீட்டிப் படுத்தாள்.

"சரி, எந்திரிங்கம்மா."

"மாட்டேன்."

"என்னது?"

"படுக்கச் சொன்னீங்க, படுத்தேன். எந்திரிக்கணும்னு எந்த விதியில இருக்கு? காட்டுங்க."

அன்செல்மு விதிப்புத்தகத்தைப் புரட்டினார். எந்திரிக்கும் விதி கிடைக்கவில்லை. வேறொன்று கிடைத்தது. "ஆள் உள்ள சவப்பெட்டியைச் சுங்கத்தில் தடுத்து வைக்கலாகாது, உரியவரிடம் உடனே ஒப்படைக்க வேண்டும்."

"ஆள் செத்திருக்கணும்னு போட்டிருக்கா?" என்று அதிகாரி கவலையோடு கேட்டார்.

"போடல செஞ்ஞோர்."

"உரியவர் யாரு?"

"உள்ள இருக்கிறவங்கதான். வேற யாரைச் சொல்றது?"

அப்படியே எழுதி, முத்திரை வைத்தார்கள். செவெரின் துள்ளி எழுந்தார்.

"எஸ்பெரான்சா! என் பெட்டிய மீட்டுட்டியே!"

"உங்க பெட்டியா? காகிதத்தப் படிங்க."

படித்தார். இரண்டாம் முறையும் படித்தார்.

"அப்போ எனக்கு?"

"உங்களுக்குத்தான் கோயில் பெட்டி இருக்கே. முப்பத்தொரு வருஷம் தனியாப் படுத்துப் பழகினவ நான். இனியும் தனியாவே படுத்துக்கறேன். ஜாக்கி, தூக்குப்பா. வெயில் கொளுத்துது."

நால்வரும் தூக்கினார்கள். ரோக் தக்கைத் தொப்பியைக் கழற்றி அக்காளின் முகத்துக்கு நிழல் பிடித்தபடி கூடவே நடந்தான். செவெரின் அவளுடைய செருப்பை ரோக்கிடமிருந்து வாங்கிக்கொண்டு பின்னால் போனார்.

அன்று கொட்டகையில் இருந்த ஒன்பது பேரில் சொந்தப் பெட்டி உள்ளவர் ஒருவர். கோயில் பெட்டிக்குக் காத்திருப்பவர்கள், செஞ்ஞோர் லெய்த்தாவையும் சேர்த்து, மிச்சம் எட்டு.