ஸ்டாச்சு சொன்னவரே ரிலீஸ் சொல்ல வேண்டும்

பாசமுள்ள மைத்துனருக்கு,

தங்கள் அத்தான் எழுதுவது. இங்கு நான் உயிரோடு இருக்கிறேன். அங்கு தாங்களும் குடும்பத்தாரும் அதைவிடச் சற்று நன்றாகவே இருக்க வேண்டுகிறேன்.

விஷயம் உங்கள் அக்காவைப் பற்றியது. முப்பத்தாறு வருடம் கடைகடையாக ஏறித் தராசு சோதித்து, ஒரு விதியையும் மீறாமல் ஓய்வு பெற்றவன் நான். என் வலது கை காதுக்கு மேல் எழாமல் இரண்டு வருடம் ஆகிறது. டாக்டரம்மா மாத்திரை எழுதாமல், "வீட்ல ரெண்டு பேரும் ஓடியாடி ஏதாவது விளையாடுங்க சார், பெரியவங்க விளையாடக் கூடாதுன்னு யார் சொன்னா?" என்று கேட்டுத் தொலைத்தார். நான் சதுரங்கம் என்று நினைத்தேன். உங்கள் அக்கா சின்ன வயதில் ஆடிய ஸ்டாச்சுவைப் பிடித்துக்கொண்டாள். போகும்போதும் வரும்போதும் 'ஸ்டாச்சு' என்பாள். 'ரிலீஸ்' சொல்லும்வரை நான் அசையக் கூடாது. பல் விளக்கும்போது நின்றேன், சட்டைக்குள் தலை மாட்டியபடி நின்றேன், போகட்டும் என்று விட்டேன். சென்ற செவ்வாய்க்கிழமை முக்காலியில் ஏறிப் பரண்மேல் இருந்த குடைக்கு வலது கையை நீட்டினேன், ஸ்டாச்சு என்றாள், டெலிபோன் அடித்தது, போய்விட்டாள். நாற்பது நிமிடம் பேசினாள். பேசியது உங்களோடுதான்! உங்கள் வீட்டுக் குழாய் ஒழுகும் கதையை எக்கிய கோலத்திலேயே முழுதாகக் கேட்டேன். தண்ணீர் மீட்டர் பார்க்க வந்தவர் வாசலில் நின்று, "ஐயா, ஏதாச்சும் உதவி வேணுமா?" என்றார். பதில் சொன்னால் ஆட்டம் போய்விடுமே! அவர் பயந்துபோய்ப் பக்கத்து வீட்டுக்காரரைக் கூட்டி வந்தார். அதன்பிறகுதான் உங்கள் அக்கா ஓடி வந்து, ரிலீஸ் சொல்லக்கூட முடியாமல் விழுந்து விழுந்து சிரித்தாள்.

"ஏங்க, சும்மா இறங்கி வந்திருக்கலாம்ல?"

"நீ சொல்லாம நான் எப்படி இறங்கறது?"

பக்கத்து வீட்டுக்காரர் வேறு, "சார், கை நல்லா மேல போகுதே!" என்கிறார். மானம் போயிற்று. ஆகவே தாங்கள் ஞாயிற்றுக்கிழமை வந்து அக்காவை ஒரு மாதம் அங்கே அழைத்துப் போகவும். அவளிடம் சொல்லிவிட்டேன். பையில் துணி அடுக்கிக்கொண்டிருக்கிறாள்.

குழந்தைகள் நன்றாகப் படித்து, நிறைய உயரம் வளரட்டும். குழாயை மாற்றவும்.

இப்படிக்கு,
அத்தான்

பி.கு.: வர வேண்டாம். இப்போதுதான் அறைக்குள் எட்டிப் பார்த்தேன். பை பாதி நிரம்பியிருந்தது. எனக்கு என்னவோபோல் ஆகிவிட்டது. இவள் போய்விட்டால் இந்த வீட்டில் என்னை நிற்கச் சொல்ல யார் இருக்கிறார்கள்? வலது கையைத் தலைக்கு மேல் தூக்கி, "ஸ்டாச்சு!" என்று கத்திவிட்டேன். மடித்த புடவையோடு, சிரிப்பை அடக்கிக்கொண்டு, இன்னும் குனிந்தபடியே நிற்கிறாள். ரிலீஸ் சொல்கிற உத்தேசம் எனக்கு இல்லை.