முப்பது கிலோ உராய்வு

கூடத்தில் இருந்தவர்கள்: மாப்பிள்ளை நவீன்குமார், அவன் அப்பா செல்லப்பன், அம்மா வேலம்மாள், பெண்ணின் அண்ணன் பாக்யராஜ், அண்ணி தமிழரசி. பெண் சுவேதா குளியலறைக்குள் இருந்தாள். அவளுக்கும் இவர்களுக்கும் நடுவில் ஒரு கதவும், அதை உள்ளிருந்து அடைத்துக்கொண்டு ஒரு வாஷிங் மெஷினும் இருந்தன.

"தாப்பா தொறந்துதாண்ணே இருக்குது," என்றாள் சுவேதா உள்ளேயிருந்து. "துணி சுத்தறப்போ மெஷின் ஆடி ஆடி நவுந்து வந்து கதவ அடச்சிகிச்சி."

மாப்பிள்ளை வீட்டார் கண்ணில் படட்டும் என்று பாக்யராஜ் வாங்கிய மெஷின். நேற்றுதான் வந்து இறங்கியது.

"மெஷினு எங்கனா நடக்குமாப்பா?" என்று கேட்டார் செல்லப்பன்.

"நடக்கும் மாமா. சுத்தறப்போ துணி ஒரு பக்கமா சேந்துட்டா ஆட்டம் குடுக்கும். ஆட ஆட நவுரும்."

சொல்லும்போது பாக்யராஜுக்குக் கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது. பி.எஸ்சி. இயற்பியலை இரண்டாம் வருடத்தில் விட்டவன் அவன். திருபுவனையில் ஒரு கம்பெனிக்கு ஆள் எடுக்கிறார்கள் என்று அப்பா சொன்னார். போய்ச் சேர்ந்தான். படிக்க வேண்டுமா என்று யாரும் கேட்கவில்லை; வேண்டும் என்று அவனும் சொல்லவில்லை. அன்றிலிருந்து நைட் ஷிஃப்ட். இன்றும் ஷிஃப்ட் முடித்து, தூங்காத கண்ணோடுதான் நின்றான். நவீன்குமாரோ பகல் ஷிஃப்ட் சூப்பர்வைசர். ராத்திரி வீட்டில் தூங்குகிற மாப்பிள்ளை. ராகு காலம் பிறப்பதற்குள் பூ வைத்துவிட்டால் தங்கையின் ராத்திரிகளாவது பிழைத்துவிடும் என்பது அவன் கணக்கு.

"பொண்ணு இன்னா படிக்குது?" என்றாள் வேலம்மாள்.

"பிசிக்ஸு அத்த. ரெண்டாவது வருஷம்."

"படிச்ச வரைக்கும் போதும். ஆவணியில வச்சிக்கலாம்."

"அதுக்கென்ன அத்த," என்றான் பாக்யராஜ்.

தமிழரசி கேசரித் தட்டை ஒரு ஓரத்தில் வைத்துவிட்டுச் சுவரைப் பார்த்தாள்.

பாக்யராஜ் கதவில் தோளைக் கொடுத்துத் தள்ளினான். கொஞ்சம் திறந்து அதோடு நின்றது.

"எத்தினி கேப்பு உழுந்துச்சி?"

"ரெண்டு சென்டிமீட்டர் மாமா."

"இஞ்சுல சொல்லுபா."

"முக்கா இஞ்சு."

"முக்கா இஞ்சுல பூனகூட வராதே."

"முப்பது கிலோ மெஷினு. அடியில உராய்வு இருக்கு. அதக் கொறச்சா தானா வழுக்கிகினு போவும்."

"சோப்புத் தண்ணி ஊத்திப் பாரேண்ணே," என்று உள்ளேயிருந்து யோசனை வந்தது.

தங்கைக்கும் பாடம் ஏறியிருக்கிறது என்று நினைத்துக்கொண்டான். ஒரு வாளி சோப்புத் தண்ணீரைக் கதவுக்கு அடியில் ஊற்றினான். குளியலறை கட்டிய கொத்தனார் தரையின் சரிவைக் கூடத்துப் பக்கம் வைத்திருந்தார். போன தண்ணீர் அப்படியே திரும்பி வந்தது. அதன்மேல் நின்று இவனும் செல்லப்பனும் சேர்ந்து தள்ளினார்கள். நாம் கதவைத் தள்ளினால் கதவும் நம்மைத் தள்ளும் என்பது மூன்றாம் விதி. விதி அவனுக்கு ஞாபகம் வந்தபோது செல்லப்பன் மல்லாந்து கிடந்தார்.

"ஒண்ணும் ஆவலயே மாமா?"

"இடுப்பு இருக்குதான்னு பாருபா."

வேலம்மாள் வந்து கணவரைத் தூக்கினாள். நனைந்த பட்டுப்புடவைக் கரையைப் பிழிந்துவிட்டுக் கடிகாரத்தைப் பார்த்தாள்.

கதவுக்கு எதிர்ச்சுவரில், உயரத்தில், ஒரு ஜன்னல் துவாரம் உண்டு. பாக்யராஜ் மாப்பிள்ளையைக் கூட்டிக்கொண்டு வீட்டுக்குப் பின்னால் போய் அதன் வழியாகக் கயிற்றை உள்ளே விட்டான்.

"சுவேதா, மெஷின் கால்ல நல்லா கட்டு. பின்னால இழுக்கறோம்."

கொஞ்ச நேரம் கழித்து, "கட்டிட்டண்ணே," என்றாள்.

"கயிறு சாய்வாப் போவுது மச்சான்," என்றான் நவீன்குமார்.

"ஆமா. இழுக்கறதுல பாதி மேல போயிடும்."

"மீதி?"

"அது போதும்."

இருவரும் மூச்சைப் பிடித்து இழுத்தார்கள். படாரென்று ஒரு சத்தம். கயிற்றின் நுனியில் குழாய் வந்தது, அரை முழம் பைப்போடு.

"பைப்புல மாட்டிகிச்சிண்ணே," என்றாள் சுவேதா.

மொட்டைமாடித் தொட்டியில் இருந்த தண்ணீர் முழுவதும் கொத்தனாரின் சரிவு வழியே கூடத்துக்கு வந்து சேர்ந்தது. பூத்தட்டு மிதந்தது. செல்லப்பன் நாற்காலியில் காலைத் தூக்கி உட்கார்ந்திருந்தார்.

"பொண்ணு பாக்க வந்தோம்பா. நாத்து நட வரல."

"மாமா, இன்னும் ஒரு அஞ்சு நிமிஷம்..."

"ராகு காலம் பொறந்துடுச்சி," என்றாள் வேலம்மாள். "சொல்லி அனுப்பறோம்."

சொல்லி அனுப்ப மாட்டார்கள் என்று அவனுக்குத் தெரியும். நவீன்குமார் மட்டும் போகும்போது அந்தக் குழாயை மரியாதையாக அவன் கையில் கொடுத்துவிட்டுப் போனான்.

பாக்யராஜ் குளியலறைக் கதவுக்கு முன்னால் ஈரத்திலேயே உட்கார்ந்தான்.

"பகல் ஷிஃப்ட்டுடி," என்றான் கதவைப் பார்த்து. "போய்ட்டாங்க."

சோப்பு ஊற்றியிருக்கக் கூடாது. கயிற்றைத் தாழ்வாக விட்டிருக்க வேண்டும். மெஷினையே வாங்கியிருக்கக் கூடாது. இத்தனை வருடம் கழித்து ஒரே ஒரு நாள் அந்தப் பாடம் உதவ வந்தது, அதையும் பாதியில் கோட்டை விட்டான். இவளுடைய வாழ்க்கையும் சேர்ந்து போயிற்று.

வாசலில் பைக் வந்து நின்றது. எலக்ட்ரீஷியன் பிரிட்டோ தோள்பையோடு எட்டிப் பார்த்தான்.

"இன்னாண்ணே, வூடே ஏரி மாதிரி கீது?"

"மெஷின் ஓடறப்போ நவுந்து போய்க் கதவ அடச்சிகிச்சிடா."

பிரிட்டோ தண்ணீரையும் இவனையும் மாறி மாறிப் பார்த்தான்.

"எப்புடிண்ணே ஓடும்? நேத்து என்னால வர முடியலன்னு அண்ணிகிட்ட போன்ல சொன்னனே. அதுக்கு பிளக் பாயிண்ட்டே இனிமேதான போடணும்."

தமிழரசி கேசரித் தட்டை எடுத்துக்கொண்டு அடுக்களைக்குள் போய்விட்டாள்.

உள்ளே மெஷின் நகர்ந்தது. ஒரே தள்ளு. கதவு முழுதாகத் திறந்து சுவேதா வெளியே வந்தாள். சுடிதார், தோளில் காலேஜ் பை. அண்ணன் என்ன சொல்லப்போகிறான் என்று நின்றாள்.

அவன் வெகுநேரம் கையிலிருந்த குழாயையே பார்த்தான்.

"கெளம்பு. பஸ்ஸு போயிடும்."

அவள் வாசல் தாண்டும் வரை நின்றான். பிறகு குளியலறைக்குள் போய்க் கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டான்.