எல்லாம் பதிவாகுது

கேமரா மாட்டியவர் என்றொரு இனம் நம் ஊர்களில் பெருகி வருவதைக் கவனித்தீர்களா? நீங்கள் கவனிக்காவிட்டால் பாதகமில்லை, அவர் உங்களைக் கவனித்திருப்பார். கேமரா வைத்திருக்கிற எல்லாரையும் நான் சொல்லவில்லை. நகைக்கடைக்காரர் வைக்கிறார், பெட்ரோல் பங்க்காரர் வைக்கிறார். வைத்துவிட்டு அவரவர் பிழைப்பைப் பார்க்கப் போகிறார்கள். நான் சொல்லும் ஆசாமிக்குக் கேமராவைப் பார்ப்பதே பிழைப்பு. திருடன் வந்து தூக்கிப்போகிற மாதிரி அவர் வீட்டில் விசேஷமாக ஒன்றும் இருக்காது. இருப்பதில் விலை கூடிய சாமான் எது என்று தேடினால் அந்தக் கேமராப் பெட்டியாகத்தான் இருக்கும்.

சந்தேகமிருந்தால் பூதப்பாண்டிக்குப் பக்கத்தில் ஞானதாசன் வீட்டு வாசலில் நின்று மணியை அடியுங்கள். கதவு உடனே திறக்காது. மனிதர் உள்ளேதான் இருக்கிறார். டிவிக்கு முன்னால், கையில் மவுஸுடன், நீங்கள் வேர்வை துடைப்பதையும், செருப்பைக் கழற்றலாமா வேண்டாமா என்று யோசிப்பதையும், கொண்டுவந்த பழப்பையைப் பிரித்து எத்தனை அழுகல் என்று பார்த்து மூடுவதையும் பெரிதாக்கிப் பார்த்துக்கொண்டிருக்கிறார். பார்த்துத் திருப்தியானபின் கதவைத் திறந்து, "வாரும், வாரும். வந்து ரொம்ப நேரமாச்சா?" என்று கேட்பார். எத்தனை விநாடி ஆயிற்று என்பது உங்களைவிட அவருக்கு நன்றாகத் தெரியும்.

ஞானதாசன் இருபத்திரண்டு வருஷம் சவூதியில் ஒரு கம்பெனிக் கிடங்கில் வேலை பார்த்தவர். அத்தனை வருஷமும் அவர் தலைக்கு மேலே கேமரா இருந்தது. ஊருக்கு வந்து கேமராவுக்குப் பின்னால் உட்கார்ந்தபோதுதான் வாழ்க்கையில் ஒரு பிரமோஷன் கிடைத்த மாதிரி இருந்தது அவருக்கு. நாகர்கோவிலிலிருந்து ஸ்டெனி என்கிற கேமரா மெக்கானிக் வந்து, படங்களைப் பதிந்து வைக்கும் எட்டு சேனல் டிவிஆர் பெட்டியை டிவிக்கு அடியில் வைத்து, வயரெல்லாம் இழுத்து, ஹார்ட் டிஸ்க் போட்டுக் கொடுத்தான். ஒன்றாம் நம்பர் கேமரா போர்ட்டிகோவிலிருந்து கேட்டைப் பார்க்கும், இரண்டு வாசல்படியை, மூன்று கிணற்றடி மோட்டாரை, நான்கு பின்பக்கத்து வாழைத் தோட்டத்தை, ஐந்து காம்பவுண்டு மூலையிலிருந்து ரோட்டை, ஆறு அடுக்களைப் பின்கதவைப் பார்க்க வைத்தது, அவர் மனைவி ரத்தினம் முதல் நாளே அதன்மேல் கைப்பிடித் துணியைத் தொங்கவிட்டுவிட்டாள், ஏழு அந்த டிவிஆர் பெட்டியையே பார்க்கும், பெட்டியை யாராவது தூக்கிக்கொண்டு போனால் தெரிய வேண்டுமே. தூக்கிக்கொண்டு போனபின் அதை எதில் போட்டுப் பார்ப்பது என்று ஸ்டெனி கேட்கவில்லை. எட்டாவதை எங்கே வைப்பது என்று ஞானதாசன் இன்னும் யோசித்துக்கொண்டிருக்கிறார்.

ஆளோ மாடோ அசைந்தால் பெட்டி கீச்சென்று சத்தம் கொடுக்கும்படி அமைத்திருந்தார். ஆனி பிறந்து ஆரல்வாய்மொழிக் கணவாய்க் காற்று இறங்கியதும் வாழையிலை ஒவ்வொன்றும் அசைந்தது. ஒரு நாளைக்கு நானூறு தடவை பெட்டி கீச்சிட்டது, நானூறு தடவையும் மனிதர் எழுந்துபோய்ப் பார்த்தார். நானூறும் இலை. சலிப்பு வந்ததா? வரவில்லை. சபைக் கமிட்டியில் உட்கார்ந்தாலும், கல்யாணப் பந்தியில் இலை முன்னால் உட்கார்ந்தாலும், ஒரு கண் போனில் இருக்கும். யார் என்ன பேச்செடுத்தாலும் கடைசியில் ஒரே வார்த்தைதான்: "எல்லாம் பதிவாகுது, ஓய்." இதைச் சொல்லும்போது குரல் கொஞ்சம் தாழும். கேட்கிறவர் தான் செய்த பாவங்களை அவசரமாக ஒருமுறை நினைத்துப் பார்த்துக்கொள்வார்.

ஐந்தாம் நம்பர் ரோட்டைப் பார்க்கிறது என்று சொன்னேன் அல்லவா? ரோட்டுக்கு எதிர்ப்பக்கம் தாணுவின் வீடு. தாணு எழுபதை எட்டும் விவசாயி. "எனக்க வீட்டு நடையை எதுக்கு ஓய் படம் பிடிக்குதீரு?" என்று ஒருமுறை கேட்டார். "நான் ரோட்டைத்தான் பிடிக்குதேன். உம்ம வீடு அங்க இருக்கதுக்கு நான் என்ன செய்ய முடியும்?" என்றார் ஞானதாசன். தாணு அத்தோடு விட்டுவிட்டார். ஞானதாசன் விடவில்லை. கேமராவைக் கண்டு கூச்சப்படுகிறவன் மனசில் ஏதோ இருக்கிறது என்று அன்றைக்கே குறித்துக்கொண்டார்.

இந்தத் தாணு யார் தெரியுமா? ஞானதாசன் சவூதியில் இருந்தபோது, ஒரு மழை நாளில் ரத்தினத்துக்குப் பிரசவ வலி எடுத்தது. கார் பிடித்து ஆஸ்பத்திரிக்கு ஓடியவர்கள் தாணுவும் அவர் மனைவி ஓமனாவும்தான். பிள்ளை பிரீனாவை முதலில் கையில் வாங்கியவள் ஓமனா. அப்போது கேமரா கிடையாது. ஆகவே அது பதிவில் இல்லை.

இப்போது நடந்ததைக் கேளுங்கள். மனைவிக்குத் தெரியக் கூடாதென்று வாரத்துக்கொரு தடவை பாஸ்வேர்டை மாற்றுகிறவர், ஒரு சனிக்கிழமை தானே மறந்துபோனார். ஸ்டெனிக்குப் போன் போட்டார். "திங்கக்கிழமை வாறேன் அண்ணாச்சி. நீங்க ஒண்ணும் தொடாண்டாம்" என்றான் அவன். தொடாண்டாம் என்றால்? இருபத்திரண்டு வருஷம் சவூதியில் இருந்தவரிடமா சொல்வது? மூடியைக் கழற்றி, ரீசெட் பொத்தானை அமுக்கி, பெட்டியைப் பிறந்த குழந்தை மாதிரி ஆக்கிவிட்டார். அது விழித்துக்கொண்டு மொழி எது, நாடு எது, நேரம் எது என்று ஒவ்வொன்றாகக் கேட்டது. கண்ணாடிகூடப் போடாமல் விரல் போன பழக்கத்தில் மளமளவென்று ஓகே கொடுத்துக்கொண்டே போனார். ஏழு படமும் பளிச்சென்று வந்தன. "ஸ்டெனிக்கு ஒரு சாயாக் காசு மிச்சம்" என்று ரத்தினத்திடம் பெருமை அடித்துக்கொண்டார்.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. ரத்தினம் சண்டே ஸ்கூல் டீச்சர், ஏழரைக்கே போய்விட்டாள். ஞானதாசன் பின்னால் எட்டரை ஆராதனைக்குப் போனார். மதியம் இருவரும் திரும்பி வந்து பார்த்தால் பின்பக்கத்தில் செவ்வாழைக் கன்று இருபதும் அடியோடு மேயப்பட்டுக் கிடந்தன. முட்டத்தில் உள்ள சம்பந்தி வீட்டிலிருந்து பஸ்ஸில் மடியில் வைத்துக் கொண்டுவந்த கன்றுகள் அவை.

தாணு ரோட்டுக்கு அந்தப் பக்கத்திலிருந்து தானாகவே சொன்னார். "ஏதோ அத்துவிட்ட மாடு ஓய். உள்ள நிண்ணு மேயுகதைக் கண்டேன். நான்தான் கம்பெடுத்து அடிச்சு வெரட்டினேன். கேட்டும் தொறந்து கெடந்து, சாத்திட்டு வந்தேன்."

"அப்பம் நீரு எனக்க காம்பவுண்டுக்குள்ள ஏறியிருக்கீரு."

"ஏறாம மாட்டை எப்படி வெரட்டது?"

"சரி, அது ரெக்கார்டுல தெரியும்" என்று உள்ளே போனார் ஞானதாசன்.

ரெக்கார்டில் தெரிந்தது. ஒன்றாம் நம்பரில், காலை ஐந்து ஐம்பதுக்கு, வெள்ளைச் சட்டையும் வேட்டியும் கட்டிய ஒருவன் முதுகைக் காட்டிக்கொண்டு கேட்டைத் திறந்து, சாத்தாமலே போகிறான். மேலேயிருந்து பார்க்க உச்சந்தலையில் நல்ல வட்டமாக வழுக்கை. ஐந்து ஐம்பதுக்கு ஞானதாசன் கட்டிலில் கிடந்தார். தாணுவுக்கு உச்சியில் வழுக்கை உண்டு. நான்காம் நம்பரில் ஆறு இருபதுக்குத் தாணு கம்போடு தோட்டத்தில் நிற்கிறார், பக்கத்தில் மாடு. இதற்குமேல் என்ன வேண்டும்? சந்தேகம் உறுதியான பிறகு மேற்கொண்டு பார்ப்பது இந்த இனத்தின் வழக்கமில்லை. ஐந்தாம் நம்பரை அவர் திறக்கவே இல்லை. உட்கார்ந்து போலீஸ் ஸ்டேஷனுக்கு இரண்டு பக்கம் மனு எழுதினார்.

ரத்தினம் அதைப் படித்துவிட்டு அழுதாள். "அந்த மனுசனை இந்த வயசில ஸ்டேஷன் படி ஏத்தப்பிடாது. நமக்கு அவங்க செய்தது மறந்து போச்சா?"

"செய்ததுக்கு நன்றி உண்டும். இதுக்கு ரெக்கார்டுல தெளிவு உண்டும்."

"மொதல்ல அவரைக் கூப்பிட்டுக் காட்டுங்க. பெறவு போங்க."

காட்டுவது என்றால் ஞானதாசனுக்குக் கசக்குமா? திங்கட்கிழமை சாயங்காலம் ஸ்டெனி வந்தான், பதிவைப் பென் டிரைவில் ஏற்றிக் கொடுக்க. தாணுவும் வந்தார். ரத்தினம் சாயா கொடுத்தாள். தாணு அதைத் தொடாமல் நாற்காலி நுனியில் இருந்தார்.

"பாரும்" என்று ஒன்றாம் நம்பரை ஓடவிட்டார் ஞானதாசன். "அந்த வழுக்கையைப் பாரும். ஒரு ஆப்பம் வைக்கலாம். இந்த ஊரில ஒம்மை விட்டா யாருக்கு உண்டும்?"

தாணு பார்த்தார். ரத்தினம் பார்த்தாள். ஸ்டெனி டிவியைப் பார்த்துவிட்டு ஞானதாசனைப் பார்த்தான், உடனே தரையைப் பார்த்தான். ஞானதாசன் நான்காம் நம்பரையும் ஓடவிட்டார்.

"அடுத்ததில தாணு அண்ணன் சட்டையில்லாம தோர்த்துத் துண்டு உடுத்திட்டுல்லா நிக்காரு" என்றாள் ரத்தினம் மெதுவாக.

"நடுவில கழத்தியிருப்பாரு. ஆளு தெரியாம இருக்க."

"காலம்பற அஞ்சு அம்பதுக்கு இவ்வளவு வெயிலா?"

"இது நல்ல கேமரா. இருட்டுலயும் வெயில் காட்டும்."

ஸ்டெனி தொண்டையைக் கனைத்தான். "அண்ணாச்சி, இப்பம் மணி என்ன?"

"நாலு முப்பத்தஞ்சு."

"பெட்டியில ரெண்டு அஞ்சு காட்டுதே."

அவன் மவுஸை வாங்கி நேரப் பக்கத்தைத் திறந்தான். எதிரே பெரிதாக வந்தது: ரியாத். இருபத்திரண்டு வருஷம் எந்தக் கடிகாரத்தைக் கையில் எடுத்தாலும் வைத்த நேரத்தை விரல் தானாகவே வைத்துவிட்டிருந்தது. "பெட்டி இப்பவும் சவூதியிலதான் ஓடுது அண்ணாச்சி. ரெண்டரை மணிக்கூர் கூட்டணும். அஞ்சு அம்பதுன்னா எட்டு இருபது."

"எட்டு இருபதுக்கு நீங்க ஆராதனைக்குப் பெய்ட்டிருந்திய" என்றாள் ரத்தினம்.

"நான் போனேன். அதுக்கு? எனக்கு உச்சியில முடி உண்டும்."

"இல்ல. பத்து வருசமா இல்ல. சொன்னா வெசனப்படுவியன்னு சொல்லல்ல."

ஞானதாசனின் கை தலைக்குப் போனது. போய்த் தடவிப் பார்த்துவிட்டு, ஒன்றும் கிடைக்காமல் இறங்கியது.

ஸ்டெனி சும்மா இருந்திருக்கலாம். தொழில்காரன், எதையும் சரிபார்த்து முடிக்காவிட்டால் அவனுக்குத் தூக்கம் வராது. ஐந்தாம் நம்பரைத் திறந்து எட்டு இருபதில் நிறுத்தினான். ஞானதாசன் வெள்ளைச் சட்டையும் வேட்டியுமாக, நெஞ்சோடு வேதப்புத்தகத்தை அணைத்துக்கொண்டு, நேரே முகத்தைக் காட்டி வருகிறார். கண் முழுக்கப் போனில் இருக்கிறது. ரீசெட் ஆன பெட்டியோடு போன் சேரவில்லை. வட்டம் சுற்றிக்கொண்டே இருந்த அந்தத் திரையில் தன் கேட்டைக் காண்பதற்காகப் பாஸ்வேர்டை அடித்துக்கொண்டே தன் கேட்டைத் திறந்து போட்டுவிட்டுப் போகிறார். எதிர் நடையில் தாணு மாட்டுக்குக் கஞ்சித்தண்ணீர் கலக்கிக்கொண்டிருக்கிறார். நிமிர்ந்து இவரைப் பார்த்து ஏதோ சொல்கிறார். இவர் பார்க்காமல் போகிறார். எட்டு ஐம்பதுக்குத் தாணு கேட்டை எட்டிப்பார்த்து, கம்பை எடுத்துக்கொண்டு, அந்த வயசில் ஓடுகிறார். கொஞ்ச நேரத்தில் ஒரு செவலை மாடு வெளியே பாய்கிறது. தாணு கேட்டைச் சாத்தி, கொண்டி போட்டு, ஒருமுறை இழுத்தும் பார்க்கிறார்.

ஞானதாசனுக்கு முகம் சுருங்கிப்போனது. வெட்கமாக இருந்தது, பொய்யில்லாத வெட்கம். ஒரு வார்த்தை சொன்னால் தீர்ந்தது. வாயைத் திறந்தார். "நான் அப்பளே பறஞ்சேன்லா, கேமரா உண்டுன்னா உண்மை தெரிஞ்சிரும்னு" என்று வந்தது.

தாணு எழுந்தார். "சரிதான் ஓய். அந்த அஞ்சாம் நம்பரை மாத்தாண்டாம். அங்கயே கெடக்கட்டும். நான் நல்லவன்னு சொல்ல இப்பம் அது ஒண்ணுதான் இருக்கு."

சாயா அப்படியே ஆறிக் கிடந்தது. மனுவை ரத்தினம் அடுப்பில் போட்டாள். அன்றைக்கே ரோட்டைக் கடந்துபோய் ஓமனாவின் கையைப் பிடித்துக்கொண்டு அழுதுவிட்டு வந்தாள். ஞானதாசனுக்கும் போகத்தான் வேண்டும் என்றிருக்கிறது. ரோடு இருபது அடிதான். ஆனால் ஆளுக்குக் கோபம் தணிந்ததா இல்லையா என்று தெரியாமல் எப்படிப் போவது? ஆகவே டிவிக்கு முன்னால் உட்கார்ந்து ஐந்தாம் நம்பரைப் பெரிதாக்கி வைத்திருக்கிறார். தாணு நடைக்கு வருகிறார், மாட்டைக் குளிப்பாட்டுகிறார், உள்ளே போகிறார். ஒரு தடவை இந்தப் பக்கம் திரும்பிப் பார்த்தால் போதும், உடனே போய்ப் பேசிவிடுவார். இன்றோடு ஒன்பது நாள்.

நீங்கள் சிரிக்கிறீர்கள். சிரியுங்கள். படிக்கும்போதே உங்களுக்கு ஒருவருடைய முகம் வந்துபோயிருக்கும். அடுத்த வீட்டுக்காரரோ, கொழுந்தனோ, ஆபீசில் பக்கத்து மேஜையோ. 'அப்படியே அந்த ஆள்தான்' என்று சொல்லியிருப்பீர்கள். இந்தப் பக்கத்தைப் போட்டோ பிடித்து அவருக்கு வாட்ஸ்அப்பில் தட்டிவிடக் கை பரபரக்கும். தட்டிவிடுங்கள், நான் தடுக்கவில்லை. அதற்கு முன்னால் போனை ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள், அவர் ஏற்கனவே உங்களுக்கு அனுப்பியிருக்கப் போகிறார்.