ஏழுமலை மாமாவுக்கு நான் போட்ட பூஜ்யம்

அரைகுறையாகப் படித்தவர்களைவிட நேற்றுத்தான் படித்தவர்கள் ஆபத்தானவர்கள். மூன்று வருடங்களுக்கு முன்பு, நான் நேற்றுத்தான் படித்திருந்தேன்.

பெங்களூரில் எம்.ஏ. தத்துவம். தினமும் எங்கள் ஊர்க் கோரமண்டல் ஸ்டேஷனில் ரயில் ஏறி, நின்றுகொண்டே போய், நின்றுகொண்டே திரும்புகிற படிப்பு. (உட்கார இடம் கிடைத்திருந்தால் தூங்கியிருப்பேன். ஒருவருக்கும் கெடுதல் வந்திருக்காது.) அந்த வாரம் பயன்வாதம் நடத்தினார்கள். எது மிகப் பலருக்கு மிக அதிக நன்மை தருமோ அதுவே சரியான செயல். மருத்துவம், சட்டம், போக்குவரத்து என்று எந்த ஃபீல்டிலும் இதைப் பொருத்திப் பார்க்கலாம் என்றார் பேராசிரியர். கோலார் கோல்டு ஃபீல்ட்ஸ்காரிக்கு அதற்குமேல் என்ன வேண்டும்? கை பரபரத்தது.

அதற்கேற்ற மாதிரி ஒரு மெஷினும் வந்து சேர்ந்தது. எங்கள் லைனில் பிறந்து வெளிநாட்டில் இருக்கும் ஒருவர், மூச்சுத் திணறுகிறவர்களுக்காக ஆக்சிஜன் மெஷின் ஒன்று அனுப்பியிருந்தார். (லைன் என்றால் சுரங்கத் தொழிலாளர்களுக்காக அந்தக் காலத்தில் கட்டிய வீட்டு வரிசை.) மெஷின் ஒன்றுதான். சுரங்கத் தூசு நெஞ்சில் தங்கிப்போனவர்கள் ஐந்து பேர். என் அப்பாவும் அதில் ஒருவர்.

"ஆளுக்கு ஒரு ஷிஃப்ட்டு பிரிச்சிக் குடும்மா. நீதான் படிச்சிக்கினு கீறியே," என்றார் பக்கத்து வீட்டு முனிசாமி பெரியப்பா. அவரும் ஐவரில் ஒருவர்.

நாளை ஐந்தால் வகுத்திருந்தால் ஐந்து நிமிட வேலை. நான் ஐந்து நாள் எடுத்துக்கொண்டேன். கேள்வித்தாள் தயாரித்து வீடு வீடாகப் போனேன். வயது என்ன, பீடி உண்டா, எத்தனை படி ஏறினால் மூச்சு வாங்குகிறது, உங்களை நம்பி எத்தனை பேர். ஒவ்வொன்றுக்கும் மார்க்.

கடைசி வீட்டு ஏழுமலை மாமாவுக்கு மனைவி இறந்து வெகுகாலம், பிள்ளைகள் இல்லை. சுரங்கம் மூடும்வரை, மேலே உள்ள பாறை சரியாமல் மரத்தூண் நிறுத்துகிற வேலை பார்த்தவர்.

"உங்கள நம்பி எத்தினி பேரு மாமா?"

அவர் மூச்சு வாங்கிக்கொண்டே யோசித்தார். "எந்த ஷிஃப்ட்டுல கேக்குற?"

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. பாவம், வயசாகிவிட்டது என்று நினைத்துக்கொண்டு பூஜ்யம் எழுதினேன். வட்டத்தை அழகாக வேறு போட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை காலை லைன் மன்றத்தில் சார்ட் ஒட்டினேன். மூன்று நிறத்தில் ஸ்கெட்ச் பேனா. முதலிடத்துக்கு எட்டு மணி நேரம், ஐந்தாம் இடத்துக்கு ஒரு மணி நேரம். அப்பா மூன்றாவது. (பெற்ற அப்பாவுக்கே சலுகை காட்டாத என் நேர்மையை யாராவது மெச்சுவார்கள் என்று ஓரக்கண்ணால் பார்த்தேன். ஒருவரும் மெச்சவில்லை.)

அப்பா கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு படித்தார். "ஏழுமலைக்கு இன்னாத்துக்கு முட்டை போட்டுக்கீற?"

"அவர நம்பி யாரும் இல்லியேப்பா."

மன்றத்தில் இருமல் சத்தம்கூட நின்றது. அந்த ஐந்து பேரும் இருந்த இடத்தில் அது சாதாரண விஷயம் இல்லை.

முனிசாமி பெரியப்பாதான் பேசினார். "கொழந்த, நாங்கல்லாம் இன்னாத்த நம்பிக் கீழ எறங்கனோம்னு நெனச்சிக்கினு கீற? இவன் நிறுத்தன மரத்தத்தான்."

பகல் ஷிஃப்ட்டில் அந்த மரத்தடியில் நின்றவர்கள் ஒரு கணக்கு. ராத்திரி ஷிஃப்ட்டில் நின்றவர்கள் வேறு கணக்கு. மாமா சரியான விடை சொல்லத்தான் கேட்டிருக்கிறார்.

"உடுப்பா. அது அப்ப. கொழந்த இப்பத்திக் கணக்க எழுதிக்கீது," என்று சொல்லிவிட்டு ஏழுமலை மாமா எழுந்து போனார்.

மற்ற நால்வரும் தங்கள் நேரத்தை அவருக்கு விட்டுக்கொடுத்தார்கள். மெஷினுக்குச் சக்கரம் உண்டு. ஆனால் எங்கள் சந்துக்கு அது தெரியாது. கல்லிலும் சாக்கடைப் பலகையிலும் இடித்து இடித்து இழுத்துக்கொண்டு போய் அவர் வாசலில் நிறுத்துவேன்.

"என் நம்பர் கடைசிதான? ஒரு மணி நேரம் வச்சிட்டு இஸ்துக்கினு போ," என்பார்.

கோபத்தில் சொல்லவில்லை. கீழே இறங்கும் கூண்டுக்கு வரிசையில் நின்றே காலம் கழித்தவர். சுவரில் ஒட்டிய வரிசையை மீற அவருக்குத் தெரியாது. மணி ஆனதும் தானே குழாயைக் கழற்றி வைத்துவிடுவார்.

சார்ட்டைக் கிழித்துவிட்டுப் புதிதாக எழுதிக் கொண்டுபோய்க் காட்டினேன். முதல் பெயர் அவருடையது. நம்பியிருந்தவர்கள், நானூறு. (அந்த எண் என் கற்பனை. இந்த முறையும் அவரைக் கேட்காமலேதான் எழுதியிருந்தேன்.)

மாமா அந்த நானூறின் மேல் விரலை வைத்தார்.

"அவங்கல்லாம் மேல வந்துட்டாங்கம்மா."

மழைக்காலத்துக்கு முன்பே போய்விட்டார். நாள் முழுக்க மெஷின் வைத்திருந்தாலும் பெரிய வித்தியாசம் இருந்திருக்காது என்று டாக்டர் ஆறுதல் சொன்னார். சின்ன வித்தியாசம் என்றால் எத்தனை நாள் என்று கேட்க எனக்குத் தைரியம் வரவில்லை.

தூக்க நான்கு பேர் போதும். மாரிகுப்பம் வரைக்கும் உள்ள லைன்களிலிருந்து ஆட்கள் வந்து நின்றார்கள். பத்தடி போவதற்குள் தோள் மாற்றச் சொல்லிச் சண்டை. கடைக்குப் போவதற்கே மூன்று இடத்தில் உட்கார்ந்து போகும் முனிசாமி பெரியப்பா, முன் மூங்கிலை விடமாட்டேன் என்கிறார். அப்பா மூச்சிரைக்கத் திரும்பிப் பார்த்தார்.

"எங்க, அந்த லிஸ்ட்டு போடற பொண்ணு? வந்து ஷிஃப்ட்டு பிரிச்சிக் குடுக்கச் சொல்லு."

பாடையைச் சுற்றி நின்ற அத்தனை பேரும் சிரித்தார்கள். நானும் அழுதுகொண்டே சிரித்தேன். இன்றும் கல்யாணப் பந்தியில் இடிபட்டாலோ, ரயிலில் ஒரு சீட்டுக்கு மூன்று பேர் பாய்ந்தாலோ, வீட்டில் யாராவது அதைச் சொல்லாமல் இருப்பதில்லை. அப்பாவுக்குத்தான் சிரிப்பு பாதியிலேயே இருமலாகிவிடும்.

மெஷின் இன்னும் ஓடுகிறது. பிரித்துக் கொடுக்கச் சொல்லி இப்போதெல்லாம் யாரும் என்னைக் கூப்பிடுவதில்லை. ஐவரில் மிச்சம் இருவர்தான். முனிசாமி பெரியப்பாவுக்குப் பாதி நாள், அப்பாவுக்குப் பாதி நாள். அவ்வளவுதான் கணக்கு.